கழுவ முதல் ஒருக்கா பாருங்கோ: மண்ணுக்குள்ளிருந்து வரும் போத்தல்களின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வளவின் கோடிப்பக்கத்தில் கிடங்கு வெட்டினால் தங்கமும் வராது, செப்பேடும் வராது. பிசுங்கான்தான் வரும். உடைஞ்ச பீங்கான், ஓட்டுத் துண்டு, துருப்பிடிச்ச ஆணி, இவற்றுக்கு நடுவில் சில வேளை உடையாத ஒரு போத்தல். மலசலகூடக் கிடங்கு வெட்டுகிறவர்கள், அத்திவாரம் போடுகிற மேசன்மார், கிணறு தூர்வாருகிறவர்கள் ஆகியோர்தான் எங்கட ஊர்களில் பழைய போத்தல்களை அதிகம் கண்டவர்கள். வரலாறு படிக்கிற நாங்கள் இல்லை.

கண்ட பிறகு என்ன நடக்கும்? பெரும்பாலும் மதிலோரமாக எறிந்துவிடுவார்கள். வடிவாக இருந்தால் வீட்டுக்காரர் எடுத்து, மணலும் தண்ணியும் விட்டுக் குலுக்கி, பளபளவென்று ஆக்கி, மணிபிளான்ட் வைப்பார். இப்ப இன்னொரு வழியும் வந்திருக்கு. பழைய போத்தலைத் தேடி வாங்கி, 'புத்தம் புதிசு போல' மினுக்கி, அலங்காரப் பொருளாக விற்கிறார்கள். மினுக்கிற விதத்தைக் காட்டும் வீடியோக்களும் கைத்தொலைபேசியில் வந்துகொண்டே இருக்கு. மண் அப்பின ஒரு போத்தல் பத்து நிமிசத்தில் கண்ணாடிக்கடைப் பொருளாக மாறுவதைப் பார்க்கிறது சுகம்தான். நாங்களும் பார்க்கிறோம்.

ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. அந்தப் பத்து நிமிசத்தில் கழுவுப்பட்டுப் போனது முழுக்க அழுக்குத்தானா?

போத்தல் தன் வயதைச் சொல்லும்

முதலில் நல்ல செய்தி. எவ்வளவு கழுவினாலும் போத்தலின் உடம்பில் சில அடையாளங்கள் போகாது. அவற்றை வாசிக்கப் பழகினால், கையில் இருப்பது எந்தக் காலத்துப் போத்தல் என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

போத்தலைத் திருப்பி அடியைப் பாருங்கள். நடுவில் கரடுமுரடான, உடைத்தெடுத்தது போன்ற வட்டத் தழும்பு இருந்தால், அது கையால் ஊதிச் செய்த பழைய போத்தலாக இருக்க வாய்ப்பு அதிகம். வாயைச் செப்பனிடும் நேரத்தில் சூடான போத்தலை அடியில் ஒரு இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்திருப்பார்கள். கோலைத் தட்டி எடுத்த இடம்தான் அந்தத் தழும்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்த முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

அடுத்தது பக்கவாட்டில் ஓடும் பொருத்துக் கோடு. இரண்டு பாதி அச்சுக்குள் கண்ணாடியை ஊதும்போது, அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைப் பிறகு ஒருவர் கையால் செய்திருக்கிறார் என்று அர்த்தம். கோடு வாயின் விளிம்பு வரைக்கும் ஏறிப் போனால் அது இயந்திரத்தின் வேலை. அமெரிக்கரான மைக்கல் ஓவன்ஸ் முழுத் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கியது 1903 அளவில். அதற்குப் பிறகுதான் போத்தல் மலிந்தது. அதுவரை கண்ணாடி ஆலைகளில் ஊதியவர்களின் மூச்சுத்தான் ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் போனது. அவர்களோடு சின்னப் பையன்களும் உலையடியில் வேலை செய்தார்கள்.

நிறமும் பேசும். மணலில் இயல்பாகவே இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் கொடுக்கும். இரும்பு கூடினால் கறுப்புப் போலத் தெரியும் கடும் பச்சை வரும். அந்தப் பச்சையைப் போக்கி நிறமில்லாத கண்ணாடி செய்ய மங்கனீசு சேர்த்தார்கள். மங்கனீசு சேர்த்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா நிறம் பிடிக்கும். கடும் நீல நிறத்தில், விலாவில் வரிவரியாகப் புடைப்புகளோடு இருப்பவை பல வேளைகளில் நஞ்சுப் போத்தல்கள். இரவில் விளக்கில்லாமல் மருந்து எடுக்கிறவர் தடவிப் பார்த்தே இது குடிக்கிற சாமான் இல்லை என்று அறியவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள்.

இவ்வளவும் செய்தவரின் கதை. ஆலை, அச்சு, கம்பனி, ஏற்றுமதி. இந்தக் கதையைக் கழுவி அழிக்க முடியாது. கழுவினால் இன்னும் தெளிவாகத்தான் தெரியும். சேகரிப்பாளர்கள் மினுக்குவதற்கு அவர்கள் சொல்லும் நியாயமும் இதுதான். அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை.

ஒரு போத்தல், பல சீவியம்

மற்றப் பாதி பாவித்தவரின் கதை. இலங்கையில் இந்தப் பாதிதான் பெரிசு. ஏனென்றால் இங்கே கண்டெடுக்கப்படும் பழைய போத்தல்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. கண்ணாடிக்கு வேண்டிய நல்ல சிலிக்கா மணல் வல்லிபுரம், அம்பன் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தாலும், காலனித்துவ காலத்துப் போத்தல்கள் ஐரோப்பாவில் செய்யப்பட்டு, ஏதாவது ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து இறங்கின.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் போன இடமெல்லாம் சதுரப் போத்தல்களும் போயின. வட்டப் போத்தலைப் பெட்டியில் அடுக்கினால் இடைவெளி வீணாகும். சதுரமாகச் செய்தால் மரப்பெட்டிக்குள் இறுக்கமாக நிற்கும், கப்பல் ஆடினாலும் உடையாது. அடியைவிடத் தோள் சற்று அகலமாக, கடும் பச்சையில் இருக்கும் ஜின் போத்தல்கள் இந்த வகைதான்.

1795இல் பிரித்தானியர் வந்தார்கள். அவர்களின் நூற்றாண்டில் வந்ததில் எல்லாருக்கும் பிடித்தது சோடாப் போத்தல். ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிப் போளை, வாயின் உட்புறம் ஒரு றப்பர் வளையம். போத்தலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். வாயு உள்ளிருந்து தள்ளும் தள்ளலில் போளை றப்பர் வளையத்தில் போய் அடைத்துக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் கோலி சோடா என்று விற்பது இதைத்தான். இந்தப் போத்தல்கள் முழுசாகக் கிடைப்பது ஏன் குறைவு தெரியுமா? உள்ளே இருக்கும் போளைக்காகச் சிறுவர்கள் போத்தலை உடைத்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் உடைத்தார்கள். போளையடி விளையாடுகிற ஊர் எதிலும் அது தப்பியிருக்காது.

ஆனால் பெரும்பாலான போத்தல்களை ஆட்கள் உடைக்கவில்லை. வைத்திருந்தார்கள். இயந்திரம் வருவதற்கு முந்தின காலத்தில் மூடக்கூடிய, மணம் பிடிக்காத, ஒழுகாத ஒரு பாத்திரம் என்பது ஏழை வீட்டில் சும்மா எறியும் பொருள் இல்லை. சாராயம் முடிந்தால் நல்லெண்ணெய். நல்லெண்ணெய் முடிந்தால் மண்ணெண்ணெய். எங்கட பேச்சே இதற்குச் சாட்சி. 'ஒரு போத்தல் பால்', 'அரைப் போத்தல் எண்ணெய்', 'கால் போத்தல் கள்ளு' என்று இன்றைக்கும் சொல்கிறோம். பிரித்தானிய கலன் ஒன்றில் ஆறில் ஒரு பங்கு ஒரு போத்தல். கிட்டத்தட்ட 758 மில்லிலீற்றர். இப்ப அதை 750 என்று கணக்கெடுக்கிறோம். லீற்றர் வந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் கொள்ளளவு எங்கட சந்தையில் அளவையாக நிற்கிறது.

இதை யோசித்துப் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். போத்தலில் புடைப்பாக எழுதியிருக்கும் கம்பனிப் பெயர் அதன் முதல் சீவியத்தை மட்டும்தான் சொல்லும். லண்டன் என்று எழுதியிருக்கும் போத்தலில் கடைசியாக இருந்தது உரும்பிராயில் ஆட்டின எண்ணெயாக இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியது உள்ளே அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பிசின், கழுத்தில் கட்டின கயிற்றின் தடம், தக்கைக்குப் பதிலாக அடைத்த துணியின் நார். குலுக்கிக் கழுவும்போது முதலில் போவது இவைதான். கம்பனியின் பெயர் மிஞ்சும். எங்கட ஆட்களின் கை போய்விடும்.

மண் என்ன செய்கிறது

போத்தல் மண்ணுக்குள் சும்மா கிடப்பதில்லை. மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிலிக்கா. அதை உருக்குவது எளிதாவதற்குச் சோடா சேர்ப்பார்கள். சோடா மட்டும் சேர்த்தால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும் என்பதால் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். ஈரமண்ணில் கிடக்கும் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சோடியத்தை மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். மேற்பரப்பில் சிலிக்கா கூடின, மிக மெல்லிய படைகள் உருவாகும். வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. இந்தப் படைகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது, சவர்க்கார நுரையில் தெரிவது போல, மயில்கழுத்து நிறங்கள் தெரியும்.

அதாவது, பழைய போத்தலில் தெரியும் அந்த வானவில் மினுக்கம் மேலே பூசினது இல்லை. கண்ணாடியே சிதைந்து உண்டானது. 19ஆம் நூற்றாண்டில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த உரோமக் கண்ணாடிகளின் இந்த நிறத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மயங்கிப்போயின. அமெரிக்கக் கலைஞர் லூயிஸ் கம்ஃபோர்ட் டிஃபனி 1890களில் அதே மினுக்கத்தைப் புதுக் கண்ணாடியில் வரவழைக்கும் முறையைக் கண்டு பெரும் பெயர் எடுத்தார். அன்றைக்கு அந்தச் சிதைவைப் போலச் செய்யக் காசு கொடுத்தார்கள். இன்றைக்கு அதை உரித்தெடுக்கக் காசு கொடுக்கிறார்கள்.

எங்கட குடாநாட்டு மண்ணில் இன்னொன்றும் சேரும். அடியில் சுண்ணாம்புக் கல் என்பதால் தண்ணியில் கல்சியம் அதிகம். கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவு மண்ணுக்குள் கிடக்கும் போத்தலிலும் படியும். வெளியே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்று போல மங்கலாகத்தான் தெரியும். ஒன்று மேலே ஒட்டின படிவு, மற்றது கண்ணாடியின் சொந்தத் தோல். முதலாவது போனால் நட்டமில்லை. இரண்டாவதை எடுப்பது போத்தலையே கொஞ்சம் எடுப்பது.

எப்படிக் கழுவுகிறார்கள்

கழுவும் வழிகளை மென்மையானதிலிருந்து கடுமையானதுக்கு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது வெறும் தண்ணியும் மென்மையான தூரிகையும். நல்ல நிலையில் இருக்கும் 20ஆம் நூற்றாண்டுப் போத்தலுக்கு இது போதும். உட்புறம் கை போகாவிட்டால் ஒரு பிடி அரிசியும் தண்ணியும் விட்டு மெதுவாகச் சுற்றலாம். அரிசி கண்ணாடியைவிட மென்மையானது. மணல் அப்படியில்லை. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவாட்ஸ் மணல் 7, கண்ணாடி ஏறத்தாழ 5.5. மணலைப் போட்டுக் குலுக்கும் ஒவ்வொரு முறையும் உட்சுவரில் ஆயிரம் கீறல் விழும்.

இரண்டாவது புளிப்பு. வினாகிரி, தேசிக்காய்ச் சாறு இரண்டும் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். உறுதியான கண்ணாடிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் ஏற்கெனவே தோல் உரியும் நிலையில் இருக்கும் பழங்கண்ணாடிக்கு அமிலம் கூடாது. மிஞ்சியிருக்கும் சோடியத்தையும் அது இழுத்தெடுத்துவிடும்.

மூன்றாவது கடும் இரசாயனம். துருக்கறைக்கு ஒக்சாலிக் அமிலம் போடுவார்கள், அது நஞ்சு. மலசலகூடம் கழுவும் திரவங்களில் பலதில் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஐதரோபுளோரிக் அமிலம். அது கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை சேதமாக்கும், ஆளைக் கொல்லவும் கூடும். ஒரு போத்தலுக்காக இதைக் கையில் எடுக்க எந்த நியாயமும் இல்லை.

நாலாவது உருட்டி மினுக்குதல். மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். போத்தலுக்குள்ளும் வெளியிலும் சின்னச் சின்னதாக வெட்டின செப்புக் கம்பித் துண்டுகள், தண்ணி, சீரியம் ஒக்சைட் போன்ற மினுக்கும் தூள் எல்லாம் போட்டு ஒரு குழாய்க்குள் அடைத்து, மோட்டாரில் நாள்கணக்காகச் சுழல விடுவார்கள். வெளியே எடுக்கும்போது போத்தல் நேற்றுச் செய்தது போல இருக்கும். சிதைந்த தோல் முழுக்கப் போயிருக்கும். புடைப்பெழுத்தின் கூர் மழுங்கியிருக்கும். உள்ளே இருந்த எச்சம், வெளியே இருந்த தழும்பு, மண் கொடுத்த நிறம் ஒன்றும் இராது. செய்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது.

அருங்காட்சியகங்களில் வேலை செய்யும் பேணல் வல்லுநர்கள் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள். எவ்வளவு குறைவாகச் செய்யலாமோ அவ்வளவு குறைவாகச் செய். செய்ததைப் பிறகு ஒருவர் பிரித்தெடுக்கக்கூடிய மாதிரிச் செய். ஈரத்துக்குள்ளிருந்து வந்த கண்ணாடியைச் சடுதியாக வெயிலில் காய விடாதே, தோல் சருகாக உரிந்துவிடும். என்ன செய்தாய் என்று எழுதி வை. இவ்வளவுதான் அவர்களின் அடிப்படை விதி.

பெய்ரூட்டில் எடுத்த முடிவு

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று இருக்கு. 2020 ஓகஸ்ட் 4 அன்று லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகத்தில் சேமித்து வைத்திருந்த அமோனியம் நைத்திரேற்று வெடித்தது. நகரம் முழுக்கக் கண்ணாடி நொறுங்கியது. அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 74 பழங்கண்ணாடிப் பாத்திரங்கள் இருந்த காட்சிப்பெட்டி ஒன்று முகங்குப்புற விழுந்தது. ஏறக்குறைய எல்லாம் உடைந்தன. உரோமர் காலத்திலிருந்து இஸ்லாமியர் காலம் வரையான பாத்திரங்கள் அவை. கண்ணாடியை ஊதிப் பாத்திரம் செய்யும் கலையே கி.மு. முதலாம் நூற்றாண்டில் அந்தக் கிழக்கு மத்தியதரைக் கரையோரம்தான் பிறந்தது என்பதை நினைத்தால் இழப்பின் கனம் விளங்கும்.

பழங்கண்ணாடித் துண்டுகளும், காட்சிப்பெட்டியின் கண்ணாடியும், யன்னல் கண்ணாடியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எது என்று துண்டு துண்டாகப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் எட்டுப் பாத்திரங்கள் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பொருத்தப்பட்டு, 2022இல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டு, பிறகு பெய்ரூட்டுக்குத் திரும்பின.

எங்களை யோசிக்க வைத்தது அவர்கள் பொருத்தின விதம். வெடிப்புக்கு முந்தின நிலைக்கு அப்படியே கொண்டுபோய், ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்க அவர்கள் நினைக்கவில்லை. பாத்திரம் நிற்கவேண்டும், அது போதும். வெடிப்புக் கோடுகளும் சிதறிப்போன இடங்களும் கண்ணுக்குத் தெரியும்படி விட்டார்கள். 2020 ஓகஸ்ட் 4உம் இனி அந்தப் பாத்திரங்களின் வரலாற்றில் ஒரு நாள்தான் என்பது அவர்களின் முடிவு.

இந்த முடிவை வாசித்தபோது எங்களுக்கு எங்கட வீட்டு ஜாம் போத்தல்தான் ஞாபகம் வந்தது.

ஜாம் போத்தல்

1990இன் நடுவில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் போனது. கிடைத்த கொஞ்சமும் யானை விலை. அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. போத்தலின் சுவர் காற்றை மறைக்கும், சின்னச் சுடர் அணையாது. எங்கட அம்மா, அப்பா, சித்தி, மாமாமார் சாதாரண தரமும் உயர்தரமும் படித்துச் சோதினை எழுதியது இந்த வெளிச்சத்தில்.

இப்ப யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து போன ஒரு வீட்டின் வளவில், 2020களில் கிடங்கு வெட்டும்போது ஒரு ஜாம் போத்தல் வருகிறது. இயந்திரத்தில் செய்தது. பொருத்துக் கோடு வாய் வரை ஏறியிருக்கு. மயில்கழுத்து நிறமும் இல்லை. எந்தச் சேகரிப்பாளரும் அதற்கு ஐந்து ரூபா கொடுக்கமாட்டார். ஆனால் உட்சுவரில் ஒரு பக்கம் கறுத்திருக்கு. அந்தக் கரியை ஒரு துணியால் துடைத்தால் ஒரு நிமிசத்தில் போய்விடும். போன பிறகு அது வெறும் ஜாம் போத்தல். அந்தக் கரி இருக்கும் வரைக்கும்தான் அது 1990களின் ஆவணம்.

குப்பி என்ற சொல்லையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். எங்கட அம்மம்மாமாருக்குக் குப்பி என்றால் மருந்துக் குப்பி, குப்பி விளக்கு. அடுத்த தலைமுறைக்கு அந்தச் சொல் கழுத்தில் தொங்கிய வேறொன்றைச் சொன்னது. இரண்டும் சின்னக் கண்ணாடிக் குப்பிதான். எந்த மண்ணில், எதோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாமல், கழுவித் துடைத்து மேசையில் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

குப்பை பொய் சொல்லாது

'இதெல்லாம் ஒரு வரலாறா? குப்பை தானே' என்று ஆராவது கேட்கலாம். 1973இல் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரத்ஜே என்ற தொல்லியலாளர், வாழும் மனிதர்களின் குப்பையைத் தொல்பொருள் போலப் பிரித்து ஆராயத் தொடங்கினார். வீட்டுக்காரரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் சொன்ன கணக்கு ஒன்று. அவர்கள் வீட்டுக் குப்பையில் கிடந்த போத்தலும் ரின்னும் சொன்ன கணக்கு அதைவிடக் கூட. வாய் குறைத்துச் சொன்னதைக் குப்பை கூட்டிச் சொன்னது.

எங்களுக்கு இது இன்னும் முக்கியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000க்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளிலிருந்த உறுதிகள், கடிதங்கள், படங்கள், கடைக் கணக்குகள் எவ்வளவோ போயின. தாளில் இருந்தது எரியும், கரையான் அரிக்கும். மண்ணுக்குள் கிடக்கும் கண்ணாடி அவ்வளவு சுலபமாக அழியாது. யார் எதைக் குடித்தார்கள், எந்த மருந்தை நம்பினார்கள், எதைத் தடை செய்தபோது எதைப் பாவித்தார்கள் என்பதற்கு எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஆவணங்களில் ஒன்று எங்கட வளவுகளின் குப்பைக் கிடங்கு.

சட்டம் இதைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்கவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தினதாக இருக்கக்கூடிய பொருள் கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அனுமதியில்லாமல் தேடி அகழ்வது குற்றம். அது சரியான விதிதான். ஆனால் சோடாப் போத்தலும் மருந்துப் போத்தலும் ஜாம் போத்தலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. அவற்றுக்குக் காவல் நாங்கள்தான்.

பதிவு எவ்வளவு பெறுமதி என்பதற்கு மன்னாரின் மாந்தை நல்ல சாட்சி. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல்லின் குழு அங்கே அகழ்ந்தது. கண்ணாடி மணிகளும் கண்ணாடிப் பாத்திரத் துண்டுகளும் அங்கே கிடைத்தவற்றில் அடங்கும். போர் காரணமாக வேலை தொடரவில்லை. ஆனால் எந்தப் படையில் எது கிடந்தது என்று எழுதி வைத்திருந்ததால், ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, 2013இல், அந்த அகழ்வின் பெரிய நூல் வெளிவர முடிந்தது. எழுதாமல், வடிவான துண்டுகளை மட்டும் பொறுக்கிக் கழுவி வைத்திருந்தால் 2013இல் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அப்ப என்ன செய்யலாம்

போத்தல் தேடிக் கிடங்கு வெட்டச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுக்குள் இன்னும் வெடிபொருள் இருக்கு. தெரியாத உலோகப் பொருள் கண்டால் தொடாமல் விலகி, பொலிஸுக்குச் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது, வீட்டு வேலைக்காக வெட்டும்போது தானாக வருகிற போத்தலைப் பற்றி மட்டும்.

எடுக்க முதல், கிடந்தபடியே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். எவ்வளவு ஆழம், எதோடு கிடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உடைந்த துண்டுகளையும் எறியாதீர்கள், அடியும் வாயும் இருந்தால் வயது சொல்லலாம். ஈரமாக வந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாகக் காய விடுங்கள். மூடி இறுகி, உள்ளே திரவம் இருந்தால் திறக்காதீர்கள், மணந்தும் பார்க்காதீர்கள். உள்ளே காய்ந்து ஒட்டினது, கரி, கயிறு, கடதாசி இருந்தால் அப்படியே விடுங்கள். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் வெளிப்புறத்து மண்ணை மட்டும், தண்ணியும் மென்மையான தூரிகையும் கொண்டு. தோல் உரிவது போலத் தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

பிறகு அதை வீட்டில் வயது மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'இது என்ன அம்மம்மா?' என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அந்தக் கொப்பியில் படத்துக்குக் கீழே எழுதுங்கள். எந்த ஆய்வுகூடமும் சொல்லாத விசயம் அவருக்குத் தெரிந்திருக்கும். போத்தல் இன்னும் நூறு வருடம் இருக்கும். அவரிடம் கேட்கத்தான் எங்களுக்கு நேரம் குறைவு.